முட்டியளவு தண்ணி

நாகம்மா கொண்டாந்து குடுத்த எறாவ வூட்ல எல்லாரும் தின்னாங்க. அங்காளு மட்டும் தொடல.

ஒவ்வொண்ணும் ரெண்டு வெரல் தண்டி. பனையோலைல மடிச்சி ஈர நார்ல கட்டி எடுத்தாந்துச்சி நாகம்மா. உள்ள வரல. வாசல்லயே நின்னுக்கினு, "பாப்பாவுக்குன்னு கொண்டாந்தேன். அது வாயத் தொறக்கலன்னா அந்தக் கரையோரத் தண்ணி கூட எங்களுக்கு இல்லாம பூட்டிருக்கும். எம் பொண்ணு எல்லம்மா சொல்லிக்கினே கீது, அங்காளு எங்களுக்காகப் பேசிச்சின்னு" அப்டின்னுச்சி. சொல்லிட்டு ரெண்டு கையயும் சேத்து கும்புட்டுச்சி. பதினாறு வயசுப் பொண்ண, அம்பது வயசுப் பொம்பள.

அங்காளு கதவுக்குப் பின்னாடி நின்னுக்கினு அந்தக் கையத்தான் பாத்தா. நகமெல்லாம் தேஞ்சி, வெரல் நுனி வெளுத்துப் போயி, ஏரிச் சேத்துலயே ஊறிக் கெடக்கற கை. பதிலுக்கு அவளால ஒரு சிரிப்பு கூட சிரிக்க முடியல.

"பாத்தியா, நம்ம பொண்ணுக்கு எவ்ளோ நல்ல பேரு!"ன்னு அம்மா கொழம்பு கொதிக்க வெச்சா. நைனா சகாதேவன் மீசயத் தடவிக்கினு சாப்ட்டாரு. மேட்டுக்குப்பத்துக்கு அவருதான் தலைக்கட்டு. ஊரு வலை அத்தினியும் அவரு சொல்லித்தான் எறங்கும்.

அண்ணன் துளசிங்கம்தான் ரகள பண்ணிக்கினு இருந்தான். "இன்னாடி, பத்து நாளா கோட்டையில கூழு குடிச்சிட்டு வந்தவன் நானு. நீ எறாவ வெச்சிக்கினு முழிக்கறே?"

"எனக்கு வேணாம். நீ துன்னு."

"நெஜமா? அப்பால அழக்கூடாது."

அவ பங்க அப்டியே அவன் பக்கம் தள்ளி வுட்டா. அவன் தலையக் கிள்ளி உறிஞ்சி உறிஞ்சி தின்னான்.  அந்த எறா எங்கேர்ந்து வந்துச்சின்னு அந்த வூட்ல அவளுக்கு மட்டும்தான் சரியாத் தெரியும். அந்த எடத்த நாலு நாளுக்கு முன்னால தன்னோட வாயால வித்தவ அவதான்.

நடந்தது இதுதான்.

ஏரில எந்த எடத்துல எந்தக் குப்பம் எந்த நாளு வலை போடறதுன்னு சோழி சொல்லும். அதுக்குப் பேரு பாடு. குப்பத்துக்கு ஒரு கீறல் போட்ட சோழிங்கள பானையில போட்டு, வாய ஈரத்துணியால மூடி, கல்யாணம் ஆவாத ஒரு பொண்ண வுட்டு எடுக்கச் சொல்லுவாங்க. ஏன் பொண்ணுன்னா, அவளுக்கு வலை கெடையாது. அடுத்த வருசம் எந்த ஊருக்கு வாழப் போவப்போறாளோ, அதுவும் தெரியாது. அவ கைக்கு ஊரு இல்லன்னு சொல்லுவாங்க. அதனால அவ எடுத்தத யாரும் மாத்திப் பேச மாட்டாங்க. இந்த வருசம் அந்தக் கை அங்காளுது.

மொகத்துவாரப் பாடு இருக்குதே, கடலும் ஏரியும் சேர்ற எடம், அதுல அமாவாச ராத்திரி வலை போட்டா ஒரு மாசத்துச் சோறு. இந்த தபா அமாவாச ரெண்டு பேரு நாளயும் தொட்டுக்கினு வந்ததுல, அந்தப் பாட்டுல மேட்டுக்குப்பத்துக்கும் ஓடைக்குப்பத்துக்கும் தகராறு ஆயிடுச்சி. எங்க நாளு, உங்க நாளுன்னு வாய்ல ஆரம்பிச்சது கோலெடுத்து அடிச்சிக்கறதுல போயி நின்னுச்சி. படவு படவா குறுக்க நின்னு சண்ட போட்டதுல, கப்பலுக்குச் சரக்கு ஏத்தினு போன கோட்டைல இருக்கற வெள்ளக்கார லாந்தாக்காரங்க தோணியெல்லாம் அர நாளு நவுர முடியல. சிப்பாயிங்க வந்து குப்பத்துக்கு ஒருத்தன இட்டுக்கினு போயி கோட்டைல வெச்சிட்டாங்க. இந்தப் பக்கம் துளசிங்கம். அந்தப் பக்கம் ஓடைக்குப்பம் தலைக்கட்டு தெய்வசிகாமணியோட புள்ள.

துபாஷி செங்கல்வராயன் வந்து சொல்லிட்டுப் போனாரு. லாந்தாக்காரன் பேசறத நம்ம ஜனத்துக்கும், நம்ம ஜனம் பேசறத லாந்தாக்காரனுக்கும் எடுத்துச் சொல்ற ஆளு அவரு. "ரெண்டு குப்பமும் ராஜி பண்ணிக்கினு வாங்க. பசங்கள வுட்டுடுவாங்க. இல்லன்னா யாரால இன்னா பண்ண முடியும்?"

அந்தக் கடைசி வார்த்ததான் அம்மாவக் கொன்னுச்சி. கடல்ல ஒரு கப்பல் நின்னுக்கினு இருந்துச்சி. அதுல துணி மூட்ட ஏத்தறாங்களா ஆளுங்கள ஏத்தறாங்களான்னு குப்பத்துல யாருக்கும் தெரியாது. தெரியாததுனாலயே ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அம்மா சோறு தண்ணி இல்லாம கரைல போயி அந்தப் பாய்மரத்தயே பாத்துக்கினு உக்காந்துட்டா.

"ராஜின்னா இன்னா நைனா?"ன்னு அங்காளு கேட்டா. குப்பத்துல பைசல்னுவாங்க, சமாதானம்னுவாங்க. இது கோட்டப் பக்கத்து வார்த்த.

"நா கொஞ்சம் வுடணும், அவன் கொஞ்சம் வுடணும். அப்பால ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காம சோறு துன்னணும். அதான்."

"நீ இன்னா வுடப் போற?"

நைனா துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு எழுந்துட்டாரு.

ராஜி பேசறதுக்கு துறைக்குப் பக்கத்துல மணல்ல பாய் விரிச்சி, ரெண்டு குப்பமும் எதிரும் புதிருமா உக்காந்தாங்க. நடுவுல துபாஷி. காலைல ஆரம்பிச்சது உச்சி வெயிலு வரைக்கும் ஒருத்தனும் ஒரு முழம் எறங்கல.

"அமாவாசப் பாட்ட வுட்டுக் குடுக்கறதுக்கு எம் மீசய எடுத்துக்கச் சொல்லுங்க"ன்னாரு தெய்வசிகாமணி.

"உம் மீச எனக்கு எதுக்கு? அதுல எறா படுமா?"ன்னாரு நைனா.

சிரிப்பு வந்துச்சி. சிரிச்ச கையோட திரும்பியும் மொறச்சிக்கினாங்க. துபாஷி வெத்தலயத் துப்பிட்டு எழுந்துக்கப் போனாரு. அப்பதான் யாரோ ஒருத்தன், எந்தப் பக்கத்து ஆளுன்னு கூட ஞாபகம் இல்ல, சொன்னான்: "ரெண்டு பாட்டுக்கும் நடுவுல நடுப்பள்ளம் கீதே. அதுல பாதிய இவங்க எடுத்துக்கட்டும், பாதிய அவங்க எடுத்துக்கட்டும். அத வெச்சிக்கினு அமாவாசய மாத்தி மாத்திப் போட்டுக்கலாமே."

"அது யாருது?"ன்னு துபாஷி கேட்டாரு.

"யாருதும் இல்ல"ன்னாரு நைனா.

"யாருதும் இல்ல"ன்னாரு தெய்வசிகாமணி.

அவ்ளோதான். எல்லா மூஞ்சியும் தெளிஞ்சிடுச்சி. ஒருத்தர் மடிலேர்ந்தும் ஒண்ணும் போவல. ரெண்டு மடிலயும் பாதி பாதி வந்து வுழுந்துச்சி. இவ்ளோ சுலபமான ராஜிய யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

துபாஷிதான் கண்ண இடுக்கிக்கினாரு. "காலைலேர்ந்து சூரியன் கெழக்குன்னு சொன்னா கூட ஒத்துக்காத ரெண்டு பேரு இதுக்கு மட்டும் ஒரே வாயா சொல்றீங்களே, அதான் எனக்குப் பேஜாரா கீது. நாளைக்கு எவனாச்சும் கோட்ட வாசல்ல வந்து அழுதான்னா எந் தல போவும். சோழி எடுக்கற பொண்ணு எங்க?"

அங்காளு பொம்பளைங்களுக்கு நடுவுல உக்காந்துக்கினு இருந்தா. எழுந்து போயி நின்னா. மணல் காலச் சுட்டுச்சி.

"நீ சொல்றத ரெண்டு குப்பமும் ஒத்துக்கும்ன்றாங்க. அந்தப் பள்ளத்துல யாராச்சும் தொழில் பண்றாங்களா?"

பண்றாங்க. ஈச்சங்காட்டு ஓரத்துல குடிசை போட்டுக்கினு இருக்கறவங்க, வலையும் இல்லாம படவும் இல்லாம கையாலயே எறா தடவுறவங்க, அத்தினி பேரும் அங்கதான். நாகம்மா, நாகம்மா பொண்ணு எல்லம்மா, அவங்க சாதிசனம் நாப்பது பேரு. அவங்களுக்குப் பானைல சோழி கெடையாது. அதனால அவங்கள அங்க யாரும் கூப்புடல. அங்காளுக்கு அந்தப் பள்ளம் நல்லாவே தெரியும். சின்னப் புள்ளைலேர்ந்து எல்லம்மாவோட திருட்டுத்தனமா அங்க போயி எறங்கி இருக்கா. ஒரு தபா கால் சறுக்கி முழுவினவள மயிரப் புடிச்சி மேல இழுத்து வுட்டதே எல்லம்மாதான். எதிர்ல ஆளுங்க இருந்தா "வாங்க, போங்க"ன்னுவா. தனியா இருந்தா "அடியே"ன்னுவா.

அங்காளு தலையத் தூக்கினா. பத்து நாளா ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கத் திரிஞ்ச ரெண்டு அப்பனுங்களும் ஒரே மூஞ்சியா அவளப் பாத்துக்கினு இருந்தாங்க. வாயால ஒண்ணும் சொல்லல. கண்ணு ரெண்டும் செவந்து இருந்துச்சி. தூரத்துல அம்மா முந்தானைய வாயில அடச்சிக்கினு இருந்தா.

யாரும் இல்லன்னு சொல்ல அவளால முடியல. இருக்காங்கன்னும் சொல்ல முடியல.

"எப்பவாச்சும் வருவாங்க"ன்னா.

"எவ்ளோ பேரு?"

"ரெண்டு மூணு பேரு."

"எவ்ளோ தண்ணி வரைக்கும் எறங்குவாங்க?"

குனிஞ்சி, சேலைக்கு மேலயே காலத் தொட்டுக் காட்டினா. "முட்டி வரைக்கும்."

"அவ்ளோதானா? அப்ப ஒண்ணு பண்ணுங்க. கரையோரம் முட்டியளவு தண்ணிய அவங்களுக்கு வுட்டுடுங்க. மீதிய ரெண்டாப் பிரிச்சி எல்லைக்கு ஊனிக் கம்பு நட்டுக்கங்க. பாவம், அவங்களும் பொழைக்கணும்ல"ன்னு துபாஷி எழுதிக்கினாரு.

"பொண்ணு நாயமாப் பேசிச்சி"ன்னாங்க ஓடைக்குப்பத்துக்காரங்க. "இல்லாதப்பட்டவங்களுக்காகப் பேசறதுக்கு ஒரு மனசு வேணும்"ன்னா ஒரு கெழவி. அந்த ஒரு நிமிசம், அதச் சொல்லத்தான் அவளுக்கு இன்னும் வெக்கமா இருக்கு, அந்த ஒரு நிமிசம் அங்காளுக்கும் அப்டித்தான் தோணிச்சி. நைனாவுக்கும் ஆச்சி, அவங்களுக்கும் ஏதோ ஆச்சி. பொய்க்கும் நெஜத்துக்கும் நடுவுல நின்னு தானும் ஒரு ராஜி பண்ணிட்டதா நெனச்சிக்கினா.

முட்டியளவு தண்ணில எறா நிக்காது. நண்டுக் குஞ்சும் பாசியும்தான் இருக்கும். அது அந்த மணல்ல உக்காந்திருந்த அத்தினி பேருக்கும் தெரியும். ஒருத்தரும் ஒரு வார்த்த பேசல.

அன்னிக்கி சாயங்காலமே ரெண்டு பசங்களயும் வுட்டுட்டாங்க. துளசிங்கம் வூட்டுக்கு வந்துட்டான்.

அப்பால நாலு நாளு கழிச்சி நாகம்மா எறாவோட வந்து நின்னுச்சி. விடிஞ்சா ஊனி நடப்போறாங்க.

ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் அங்காளு எழுந்தா.  கோட்டைல மணி அடிக்கறது கேட்டுச்சி. ஒரு நாய் கொரச்சிட்டு, அவள மோந்து பாத்துட்டு, பேசாம படுத்துக்கிச்சி. பௌர்ணமி கழிஞ்சி ரெண்டாம் நாளு, நெலா நல்லா ஏறி இருந்துச்சி. இந்த ராத்திரி நாகம்மா ஜனம் எல்லாரும் நடுப்பள்ளத்துலதான் இருப்பாங்கன்னு அவளுக்குத் தெரியும். நாளைக்கு அது அவங்களுது இல்ல.

கரைலேர்ந்து பாத்தா, பானைங்களக் கவுத்துப் போட்டு மெதக்க வுட்ட மாதிரி தலைங்க தெரிஞ்சிச்சி. எண்ணிப் பாக்க தைரியம் வரல. சேலைய இழுத்துச் சொருவிக்கினு எறங்கினா. முட்டி தாண்டிச்சி. இடுப்பு தாண்டிச்சி. மார்ல தண்ணி ஏறினப்போ மூச்சு வாங்கிச்சி. இன்னும் நாலு எட்டு வெச்சி, கழுத்துத் தண்ணில எல்லம்மா பக்கத்துல போயி நின்னா.

எல்லம்மா வாயில பறி இருந்துச்சி. எறா தடவுறவங்களுக்கு ரெண்டு கையும் அடியில சேத்துல இருக்கும். புடிச்சதப் போட ஓலப் பறியோட கயித்தப் பல்லால கடிச்சிக்குவாங்க. கயித்த வுட்டா பறி சாஞ்சி, புடிச்சதெல்லாம் தண்ணியோட பூடும். அதனால தண்ணில எறங்கினா ஏறுற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டாங்க. எல்லம்மா கண்ணாலயே 'இன்னாடி?'ன்னு கேட்டா. அந்தக் கண்ணுல சந்தோசம் இருந்துச்சி.

"எல்லு, நீ பேச வேணாம். நா சொல்றத மட்டும் கேளு."

எல்லம்மா தலைய ஆட்டிட்டு, அவ பாட்டுக்கு நடந்துக்கினே தடவிக்கினு இருந்தா. அங்காளு கூடவே நடந்தா.

"உங்கம்மா எங்க வூட்டுக்கு வந்துச்சி. என்னய ரெண்டு கையாலயும் கும்புட்டுச்சி. உங்களுக்காக நா பேசினேன்னு சொல்லிச்சி. நா பேசல எல்லு. துபாஷி எங்கிட்டதான் கேட்டாரு. எவ்ளோ பேரு வருவாங்கன்னு. ரெண்டு மூணு பேருன்னேன்."

எல்லம்மா கை ஒரு எறாவத் தூக்கிப் பறில போட்டுச்சி. கேட்டாளா கேக்கலயான்னு தெரியல.

"எவ்ளோ தண்ணின்னு கேட்டாரு. முட்டி வரைக்கும்னு தொட்டுக் காட்டினேன். அவங்களா வெச்சது இல்ல அந்த முட்டி. நா வெச்சது."

கை நின்னுடுச்சி.

எல்லம்மா மெல்ல நிமிந்தா. தண்ணிக்கடிலேர்ந்து கையத் தூக்கி, சேத்தோட பறியப் புடிச்சி, வாயிலேர்ந்து கயித்த எடுத்தா. ராத்திரி பூரா கடிச்சிக்கினு இருந்த தாட உடனே அசையல. ரெண்டு தபா மூடித் தொறந்தா.

"இன்னொரு தபா சொல்லு."

"முட்டி வரைக்கும்."

"யாரு முட்டி? இந்தத் தண்ணில எம் முட்டி எங்க கீதுன்னு தெரியுதா உனக்கு?"

அங்காளு தண்ணியப் பாத்துக்கினு நின்னா.

"எங்கம்மா உனக்கு எறா குடுத்துச்சேடி. இருந்ததுலயே பெருசாப் பொறுக்கி எடுத்துச்சி. நாந்தான் ஓல மடிச்சிக் குடுத்தேன்."

"நா திங்கல எல்லு."

"ஐய, திங்கலயா? அப்ப எல்லாம் சரியாப் போச்சி. நாளைக்குப் புள்ளைங்க கேட்டா சொல்லிடறேன், அங்காளு அக்கா திங்கல, நீங்களும் திங்காதீங்கன்னு."

தண்ணி கழுத்தச் சுத்தி ஆடிச்சி. அங்காளுக்குப் பல்லு கிட்டிச்சி. "எங்கண்ணன் உள்ள இருந்தான். கப்பல்ல ஏத்திடுவாங்கன்னு பேசிக்கினாங்க. அம்மா சோறே துன்னல."

"தெரியும். எங்க குடிசைலயும் அதான் பேச்சி. உங்கண்ணன் வரணும்னு எங்கம்மா அங்காளம்மனுக்கு மஞ்சத்துணி முடிஞ்சி வெச்சிச்சி." எல்லம்மா கொரலு ஒடஞ்சிது. "நீ அன்னிக்கி ராத்திரி வந்து, எல்லு, எனக்கு வேற வழி இல்லடின்னு கேட்டிருந்தா, எடுத்துக்கோன்னு நானே சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். ஒரு மாசமோ ரெண்டு மாசமோ எப்டியோ ஓட்டியிருப்போம். ராஜின்னா எல்லாரும் மனசு ஒத்துக்கறதுன்றாங்களே. எங்கள யாருடி கேட்டது? உங்க நைனா ஒண்ணும் வுடல, அந்த மீசக்காரன் ஒண்ணும் வுடல. நாங்க மட்டும் வுட்டோம். வுட்டோம்னு எல்லாம் முடிஞ்சப்புறம்தான் எங்களுக்கே தெரியும்."

"எம்மேல தப்புதான்."

"அத எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? இது எங்க தண்ணின்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்க கிட்ட போயி சொல்லு."

"பயமா கீது எல்லு. சொன்னா ராஜி ஒடஞ்சிடும். அண்ணன திருப்பியும் இட்டுக்கினு பூடுவாங்க."

எல்லம்மா பறியச் சரி பண்ணிக்கினா. அப்பால கயித்தத் திரும்பியும் பல்லுல கடிச்சிக்கினு குனிஞ்சிட்டா. இனிமே அவகிட்ட எதக் கேட்டாலும் பதில் வராது.

கொஞ்சம் தள்ளி இன்னொரு தல நிமிந்து இவங்க பக்கம் திரும்பிச்சி. நாகம்மா. வாயில பறியோட, சேத்துக் கையத் தூக்கி, வா பாப்பான்ற மாதிரி ஆட்டிச்சி. அங்காளு திரும்பிப் பாக்காம கரைக்கு வந்துட்டா.

விடிஞ்சிது. கரையோரம் முட்டியளவு தண்ணில ரெண்டு படவு எதிரெதிரா நின்னுச்சி. ஒண்ணுல நைனா, துளசிங்கம், ஊனிக் கம்புங்க. இன்னொண்ணுல தெய்வசிகாமணியும் ஆளுங்களும். துபாஷி தனியா ஒரு சின்னத் தோணில, தலைக்கு மேல ஓலக் கொட ஒருத்தன் புடிக்க, மடில எழுதின காயிதத்தோட உக்காந்திருந்தாரு. ஈச்சங்காட்டு ஜனம் கரைல நின்னுக்கினு இருந்துச்சி. ராத்திரி பூரா நனஞ்ச ஒடம்பு இன்னும் காயல.

மொத ஊனிய அடிக்கறதுக்கு முன்னாடி சோழிப் பொண்ணு அதத் தொட்டுக் குடுக்கணும். அதுதான் மொற. தொட்டாச்சின்னா அந்த எல்லைய யாரும் அசைக்க முடியாது. அதுக்குத்தான் அங்காளுவயும் படவுல ஏத்தி இருந்தாங்க.

துபாஷி எழுதினதப் படிச்சாரு. "முட்டியளவு தண்ணி நீங்கலாக..."ன்னு வந்தப்போ அங்காளுக்குக் காது அடச்சிக்கிச்சி. துளசிங்கம் கம்ப நிமித்திப் புடிச்சி, இன்னொரு கைல கொட்டாப்புளிய எடுத்துக்கினான். "தொடு"ன்னான் சிரிச்சிக்கினே. "சீக்கிரம்டி, கையி நோவுது."

அவ கை மேல வரல.

"தொடும்மா"ன்னாரு நைனா.

அங்காளு படவு ஓரத்துல ஒரு கால வெச்சி, தண்ணில எறங்கிட்டா. வுழுந்துட்டான்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. அவ யாரு மூஞ்சியயும் பாக்காம பள்ளத்துப் பக்கம் நடந்தா. தொட தாண்டிச்சி. இடுப்பு, மாரு. எங்க ராத்திரி எல்லம்மா நின்னாளோ அங்க போயி, கழுத்து வரைக்கும் தண்ணி வந்தப்பறம் திரும்பி நின்னா.

"அய்யா, இவ்ளோ தண்ணி."

துபாஷிக்குப் புரியல. "இன்னாம்மா?"

"முட்டி இல்ல. இவ்ளோ. ரெண்டு மூணு பேரும் இல்ல. நாப்பது பேரு. தெனைக்கும் வர்றாங்க. நா அன்னிக்கிப் பொய் சொன்னேன்."

கொரலு சின்னதுதான். ஆனா காத்து இல்லாத ஏரில அது கரை வரைக்கும் போச்சி. கரைல நாகம்மா கையத் தூக்கி வாயப் பொத்திக்கிறது அவளுக்குத் தெரிஞ்சிச்சி.

"புத்தி கெட்டுப் பூட்சா உனக்கு? ஏறு படவுல!"ன்னு நைனா கத்தினாரு.

"ஏ சகாதேவா, பொண்ண வுட்டு ராஜிய ஒடைக்கறியா? வந்த எம் புள்ளய திரும்பியும் மாட்டி வுடப் பாக்கறியா?"ன்னு அந்தப் பக்கம் தெய்வசிகாமணி எழுந்து நின்னாரு. படவு ஆடிச்சி.

"இருய்யா, குந்து"ன்னு துபாஷி கைய அமத்தினாரு. "ஏம்மா, அப்ப அன்னிக்கி ஏன் அப்டி சொன்ன?"

 சொல்லவும் முடியாம, பொய்யும் வராம, அவ கண்ணு தானா அண்ணன் பக்கம் போச்சி. போனத எல்லாரும் பாத்தாங்க. துளசிங்கமும் பாத்தான். சிரிப்பு அவன் மூஞ்சிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா எறங்கிச்சி. கொட்டாப்புளிய படவுக்குள்ள போட்டான். 'தடால்'னு சத்தம்.

அப்பால ஊனிக் கம்போடயே தண்ணில குதிச்சான்.

அடிக்கத்தான் வர்றான்னு அங்காளு கண்ண மூடிக்கினா. தண்ணி அலசற சத்தம் கிட்ட வந்துச்சி. கண்ணத் தொறந்தப்போ அவன் அவ பக்கத்துல நின்னுக்கினு, கம்பத் தரைல ஊனி நேரா நிமித்திப் புடிச்சிக்கினு இருந்தான். தண்ணி தொட்ட எடத்துல கட்ட வெரல வெச்சி, கம்ப மேல தூக்கி துபாஷிக்குக் காட்டினான். ஈரம் ஒரு ஆளு கழுத்து ஒசரத்துக்கு இருந்துச்சி.

"அவ சொல்றது சரிதான் அய்யா. இவ்ளோ கீது."

துபாஷி கம்பயும் பாத்தாரு, கரைல ஈரத்தோட நின்ன ஜனத்தயும் பாத்தாரு. காயிதத்துல முட்டின்னு எழுதியிருந்த எடத்த நகத்தால மெதுவாக் கீறினாரு. "இன்னிக்கி ஊனி நடவேணாம். திரும்பியும் உக்காந்து பேசணும். இந்த தபா அவங்களயும் கூப்புடுங்க"ன்னாரு. பசங்களப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல. கேக்கவும் யாருக்கும் வாய் வரல.

அங்காளு காலுக்கடியில சேத்துல ஒரு எறா துள்ளி ஓடிச்சி. அவ தலையத் தூக்கல.

துளசிங்கம் கம்பத் தோள்ல சாச்சிக்கினு அவளுக்கு மட்டும் கேக்கற மாதிரி கேட்டான்.

"நேத்து அந்த எறாவ எனக்கு ஏன்டி குடுத்த?"